எப்படியும் வேண்டிய துளை: மதுரை வட்டார அறுவை சிகிச்சை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரையிலும் தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை மாவட்டங்களிலும் வயிற்று அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். ஆபரேஷன் தியேட்டரில் 31 ஆண்டுகள் செவிலியராக நின்றவள் நான். உங்களில் சிலர் ஹவுஸ் சர்ஜனாக வந்த முதல் வாரத்தில், கழுவிய கையை எங்கும் படாமல் எப்படி உயர்த்திப் பிடிப்பது என்று நான்தான் சொல்லிக் கொடுத்திருப்பேன். இன்று நீங்கள் பெரிய மருத்துவர்கள். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

என் தங்கைக்கு உசிலம்பட்டிப் பக்கம் அரை ஏக்கர் மல்லிகைத் தோட்டம் இருக்கிறது. விடியும் முன்பே பூப்பறிக்க இறங்கிவிடுவாள். போன ஆண்டு பித்தப்பையில் கல் என்று தெரிந்து, மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தாள். வாசலிலேயே பெரிய பலகை: ஒரே துளை, தழும்பே தெரியாது. நான் அப்போது வெளியூரில் இருந்தேன். கையெழுத்துப் போட்ட பிறகுதான் எனக்குத் தொலைபேசியில் சொன்னாள். அறுவை நன்றாகவே நடந்தது. இரண்டாம் நாள் வீட்டுக்கும் வந்துவிட்டாள். எட்டு மாதம் கழித்து, இருமும்போது தொப்புளில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. தொப்புள் வழியாகக் குடலிறக்கம். திரும்பப் போனபோது, "கனம் தூக்கினீர்களா?" என்று கேட்டார்களாம். தண்ணீர்க் குடத்தையும் பூக்கூடையையும் தூக்காமல் தோட்டத்துக்காரி எப்படிப் பிழைப்பாள்? இப்படி வரக்கூடும் என்று அறுவைக்கு முன்னால் யாராவது சொன்னார்களா என்று கேட்டேன். இல்லை என்றாள். நான்கு துளை முறை ஒன்று இருக்கிறது, அதிலும் இரண்டாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னார்களா என்றேன். அதுவும் இல்லை.

அந்த மருத்துவமனையின் மீது வழக்குப் போடுவதற்காக இதை எழுதவில்லை. அங்கே செய்த மருத்துவர் கைதேர்ந்தவர் என்றே கேள்விப்பட்டேன். என் கேள்வி உங்கள் எல்லோருக்கும் பொதுவானது.

சிறு துளை அறுவையின் அருமையை என்னிடம் யாரும் விளக்க வேண்டியதில்லை. விலா ஓரமாக ஒரு சாண் நீளம் கிழித்துப் பித்தப்பையை எடுத்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவள் நான். அந்த நோயாளிகள் மூச்சை இழுத்துவிடவே பயந்து, வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டு இருமுவார்கள். 1980-ல் ஜெர்மனியில் குர்ட் செம் என்ற மகப்பேறு மருத்துவர் லேப்ராஸ்கோப் வழியாக, அதாவது வயிற்றுக்குள் பார்க்கும் மெல்லிய குழாயின் உதவியோடு, சிறு துளைகளிலேயே குடல்வாலை எடுத்தார். 1985-ல் எரிக் மூஹே பித்தப்பையை எடுத்தார். இருவரையும் சொந்த நாட்டு மருத்துவ உலகமே முதலில் ஏற்கவில்லை. 1990-ல் பம்பாயில் டாக்டர் தெஹம்டன் உத்வாடியா இந்தியாவில் அதைத் தொடங்கினார். அந்த முறை எங்கள் தியேட்டருக்கு வந்து சேர்ந்த நாளில், மானிட்டரில் பித்தப்பை தெரிந்ததும் நாங்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தோம். வலி குறைந்தது, சீழ் குறைந்தது, கூலிக்குப் போகிறவர்கள் ஒரு வாரம் பத்து நாளில் வேலைக்குத் திரும்பினார்கள். அதற்குப் பிறகுதான் நான்கு துளையை மூன்றாக்கி, இரண்டாக்கி, ஒன்றாக்கும் முயற்சி வந்தது. 1992-ல் அமெரிக்காவில் பெலோசி என்பவர் ஒரே துளையில் குடல்வாலை எடுத்தார். 1997-ல் இத்தாலியில் நவார்ரா குழுவினர் தொப்புள் வழியாகப் பித்தப்பையை எடுத்தார்கள்.

ஒரு துளை என்பது நம் பெண்களுக்குப் புதிதும் அல்ல. குடும்பக் கட்டுப்பாட்டு முகாம்களில் தொப்புளுக்கு அடியில் ஒரே ஒரு துளை போட்டு, பார்க்கும் கருவி வழியாகவே கருக்குழாயில் சிறு வளையம் மாட்டிய காலத்தை நான் பார்த்திருக்கிறேன். அங்கே அது பொருத்தமாக இருந்தது. ஏனென்றால் வேலை சிறியது: பிடி, இழு, வளையத்தை நழுவவிடு. எதையும் அறுத்துப் பிரிக்க வேண்டியதில்லை.

பித்தப்பை அப்படிப்பட்டதல்ல என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். ஆனால் இந்த மடலைப் படிக்கும் நோயாளிகளுக்கும் தெரிய வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். நான்கு துளை முறையில் கேமரா தொப்புளில் நிற்கும், கருவிகள் எட்டவிருந்து இரு பக்கமாக வரும். பூக்கட்டும் பெண்ணின் கைகளைப் பாருங்கள். முழங்கைகள் இரண்டும் அகன்று நிற்கும், விரல்கள் நடுவில் சந்திக்கும், கண் மேலிருந்து பார்க்கும். அந்த முக்கோணம் இருந்தால்தான் ஒரு கை இழுத்துப் பிடிக்க, மறு கை நுணுக்கமாகப் பிரிக்க முடியும். ஒரு துளை முறையில் கேமராவும் கருவிகளும் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் வாய்க்குள் அடுத்தடுத்து நுழைகின்றன. ஒரே உரலில் இரண்டு உலக்கை போட்டு நெல் குத்துவதைப் போல, தாளம் தப்பினால் முட்டிக்கொள்ளும். உள்ளே கருவியோடு கருவி இடிக்கும், வெளியே உங்கள் கையோடு கேமரா பிடிப்பவரின் கை இடிக்கும். வளைந்த கருவிகள் வந்தன. ஆனாலும் வலது கைக் கருவி திரையில் இடப்பக்கம் தெரியும் குழப்பத்தைப் பழகித்தான் தாண்ட வேண்டும். கேமராவையும் கருவிகளையும் நுழைக்கும் வாசலாக விலை கொடுத்து வாங்கும் போர்ட் இல்லாத நாளில், ஒரு வளையத்தில் அறுவைக் கையுறையை மாட்டி, அதன் விரல் நுனிகளை வெட்டி, ஒவ்வொரு விரலிலும் ஒரு குழாயை நூலால் கட்டித் தந்தவள் நான். காற்று ஏறியதும் அந்தக் கையுறை வயிற்றின் மீது உப்பி நிற்கும். நம்மவர்களின் கைவண்ணத்தை அப்போது மெச்சினேன், இப்போதும் மெச்சுகிறேன்.

ஆனால் முடிவில் மூட வேண்டியது தொப்புளை. வயிற்றுச் சுவரிலேயே இயல்பாக மெலிந்த இடம் அது. 10 மில்லிமீட்டர் துளையும் இரண்டரை சென்டிமீட்டர் திறப்பும் ஒன்றல்ல. தசை உறையின் இரு விளிம்பையும் கண்ணால் பார்த்து, பிடித்து, தைக்க வேண்டும். கொழுத்த வயிறு, சர்க்கரை நோய், விடாத இருமல், புண்ணில் சீழ் என்று ஏதாவது ஒன்று சேர்ந்தால் அந்தத் தையல் தாங்காது. கடைசித் தையலின்போது தியேட்டரில் எல்லோருக்கும் ஓர் அவசரம் வரும். அடுத்த கேஸ் வெளியே காத்திருக்கும், மயக்க மருந்து மருத்துவர் நோயாளியை எழுப்பத் தொடங்கியிருப்பார். அந்த ஐந்து நிமிடத்தில் எத்தனையோ குடலிறக்கங்களுக்கு விதை விழுகிறது. 31 ஆண்டுகள் பார்த்துச் சொல்கிறேன்.

பல மருத்துவமனைகள் சேர்ந்து 200 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு ஒரு துளையிலும் மறு பகுதிக்கு நான்கு துளையிலும் பித்தப்பையை எடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2013-ல் வெளியானது. ஓராண்டு முடிவில் ஒரு துளைக்காரர்களில் 8.4 விழுக்காட்டினருக்குக் குடலிறக்கம், நான்கு துளைக்காரர்களில் 1.2 விழுக்காடு. தழும்பின் அழகில் ஒரு துளை முறைக்கு மதிப்பெண் கூடுதல். வலியில் ஆதாயம் எதுவும் இல்லை. பித்தநாளம் வெட்டுப்படுவது என்ற பெரிய ஆபத்தைப் பற்றி இந்த அளவு ஆய்வு எதுவும் சொல்லிவிட முடியாது. வழக்கமான முறையிலேயே அது ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்கு வரும் விபத்து. நூறு பேருக்குச் செய்தேன், ஒருவருக்கும் நாளம் வெட்டுப்படவில்லை என்று ஒருவர் சொன்னால், அது மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அதை வைத்து இரண்டு முறையும் சமம் என்று முடிவு கட்ட எண்ணிக்கை போதாது.

அப்படியானால் யாருக்கும் செய்யக் கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். கல்லூரி படிக்கும் ஒரு பெண் அவளுடைய அம்மாவோடு வந்து, வயிற்றில் அடையாளம் தெரியாமல் செய்ய முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டதை நான் மறக்கவில்லை. அவளுடைய கவலை அற்பமானதல்ல. ஒல்லியான உடம்பு, வீங்காத பித்தப்பை, பழகிய மருத்துவர், எல்லாம் சேர்ந்திருந்தது. சாதக பாதகம் இரண்டையும் சொல்லி, அவளே தேர்ந்தெடுத்து, நன்றாகவே முடிந்தது. அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த பேச்சு என் தங்கைக்கு ஏன் கிடைக்கவில்லை? ஐம்பது வயதில் சேலைக்குள் இருக்கும் வயிற்றில் கடுகளவு தழும்பு மூன்று கூடுதலாக இருப்பதைப் பற்றி அவளுக்கு என்ன? எத்தனை நாளில் குடம் தூக்கலாம் என்பதுதான் அவளுடைய ஒரே கவலை. அதைக் கேட்டுவிட்டு முறையைத் தேர்ந்திருந்தால், நான்கு துளைதான் முடிவாக இருந்திருக்கும்.

சமிரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. செய்யப்போவது என்ன, அதனால் என்ன நன்மை, வேறு வழி உண்டா, முக்கியமான ஆபத்து என்ன என்பதையெல்லாம் நோயாளிக்குப் புரியும்படி சொன்ன பிறகு பெறுவதுதான் ஒப்புதல். ஆங்கிலத்தில் அச்சடித்த படிவத்தின் அடியில், சிஸ்டர் காட்டிய இடத்தில் வைக்கும் கையெழுத்து ஒப்புதல் ஆகாது. அப்படிக் காட்டிய சிஸ்டர்களில் நானும் ஒருத்தியாக இருந்திருக்கிறேன். அந்த உறுத்தல்தான் இந்த மடலின் பாதி. 2002-ல் வந்த மருத்துவ நெறிமுறை விதிகளும், மருத்துவர் விளம்பரத்தால் நோயாளியை ஈர்ப்பது தவறு என்கின்றன. பலகை மருத்துவமனையுடையது, மருத்துவருடையது அல்ல என்று சொல்லித் தப்பலாம். ஆனால் அந்தப் பலகையைப் பார்த்து வருகிறவரின் வயிற்றைத் திறப்பது நீங்கள்.

பலகை இன்னொரு கெடுதலும் செய்கிறது. ஒரு துளை என்று வாக்குக் கொடுத்துவிட்ட பிறகு, உள்ளே நிலைமை சிக்கலாக இருந்தால் இரண்டாவது துளை போட மருத்துவரின் கை தயங்குகிறது. பித்தப்பையின் கழுத்துப் பகுதி ஒட்டிக் கிடக்கிறது, நாளம் எது, தமனி எது என்று தெளியவில்லை. இரண்டே இரண்டு குழாய்தான் பித்தப்பைக்குள் போகின்றன என்று கண்ணால் உறுதி செய்த பிறகே கிளிப் போட வேண்டும் என்பது 1995-லிருந்து சொல்லப்பட்டுவரும் பாடம். அந்தக் காட்சி கிடைக்கவில்லை என்றால் ஐந்து மில்லிமீட்டர் துளை ஒன்று கூடுதலாகப் போடுவதில் எந்த அவமானமும் இல்லை. அந்தத் துளையைக் கேட்டுக் கை நீட்டிய மருத்துவர்களிடம்தான் என் மரியாதை கூடியது. வெளியே நிற்கும் உறவினருக்கு முன்பே சொல்லியிருந்தால், தேவைப்பட்டால் இன்னொரு துளை போடுவோம் என்று ஒரு வரி சொல்லியிருந்தால், உள்ளே அந்தத் தயக்கமே வராது.

இனி நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ஒரு துளை முறை எங்கே பொருந்துகிறது என்று இத்தனை ஆண்டுகள் பார்த்ததில் எனக்கு ஒரு கணக்குப் பிடிபட்டிருக்கிறது. எப்படியும் வேண்டிய துளை எதுவோ, அதன் வழியாகவே முழு வேலையையும் முடிப்பது நோயாளிக்கு லாபம். வலப்பக்கப் பெருங்குடலில் கட்டி என்றால், வெட்டிய குடலை வெளியே எடுக்க நான்கைந்து சென்டிமீட்டர் திறப்பு எப்படியும் வேண்டும். அந்தத் திறப்பிலேயே போர்ட்டை வைத்து வேலை செய்தால் மற்ற துளைகள் மிச்சம். மலக்குடல் அறுவைக்குப் பிறகு சிறுகுடலைத் தற்காலிகமாக வயிற்றுக்கு வெளியே கொண்டுவரப் போகிறோம் என்றால், அந்த இடத்தில் துளை போட்டே ஆக வேண்டும். அதையே முதல் வாசலாக்கிக்கொள்ளலாம். இவற்றையெல்லாம்விட மேலானது, உடம்பே கொடுத்திருக்கும் வாசல்: ஆசனவாய்.

இங்கேதான் நம் வட்டாரம் பின்தங்கி நிற்கிறது என்பது என் வருத்தம். 1980-களின் தொடக்கத்திலேயே ஜெர்மனியில் கெர்ஹார்ட் பூஸ், நான்கு சென்டிமீட்டர் அகலமுள்ள உலோகக் குழாயை ஆசனவாய் வழியே வைத்து மலக்குடலுக்குள்ளேயே கட்டிகளை அறுத்தெடுத்தார். அந்தக் கருவியின் விலை பெரும்பாலான மருத்துவமனைகளுக்கு எட்டாதது. 2010-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் அட்டாலா குழுவினர் ஒரு வழி காட்டினார்கள். தொப்புளுக்காக வந்த அதே ஒரு துளை போர்ட்டை ஆசனவாயில் வைத்து, காற்றை ஏற்றி, எல்லாத் தியேட்டரிலும் இருக்கும் வழக்கமான லேப்ராஸ்கோப்பிக் கருவிகளாலேயே கட்டியை முழு ஆழத்தோடு வெட்டி எடுத்தார்கள். வயிற்றில் ஒரு கீறல் கிடையாது. கொலோனோஸ்கோப் என்னும் குடலுக்குள் பார்க்கும் குழாயால் எடுக்க முடியாத பெரிய பாலிப் (சதை வளர்ச்சி), சுவரின் மேலடுக்கோடு நிற்கும் தொடக்கநிலைப் புற்று, இவற்றுக்கு இது போதும். பரிசோதனையில் வேர் ஆழம் என்று தெரிந்தால் மட்டும் பெரிய அறுவைக்குப் போக வேண்டியிருக்கும். ஒரு துளைக் கருவியால் ஒரு மனிதனின் வாழ்க்கையே மாறும் இடம் இதுதான். தொப்புளில் அது மூன்று சிறு தழும்புகளை மிச்சப்படுத்துகிறது. இங்கே அது வயிற்றில் பை கட்டிக்கொண்டு வாழும் நிலையைத் தவிர்க்கக்கூடும்.

ஆனால் அதற்கு நோயாளி தொடக்கத்திலேயே வர வேண்டுமே! திருமங்கலம் பக்கத்து லாரி ஓட்டுநர் ஒருவர் என் நினைவிலிருந்து போவதில்லை. இரண்டு ஆண்டுகள் மலத்தோடு ரத்தம். வண்டி ஓட்டுகிற சூடு, மூலம் என்று அவரே முடிவு செய்துகொண்டார். மூலம், பவுத்திரம் ஒரே நாளில் குணம் என்று சாலைச் சுவரில் எழுதியிருக்கும் இடத்துக்குப் போனார். களிம்பு, லேகியம், பிறகு ஏதோ ஊசி. அதன் பிறகு படித்த மருத்துவர்களையும் பார்த்திருக்கிறார். அவர்களும் மாத்திரை எழுதினார்கள், விரல் வைத்துப் பார்க்கவில்லை. அவருடைய கட்டி ஆசனவாயிலிருந்து நான்கு சென்டிமீட்டரில் இருந்தது. விரலுக்கு எட்டும் தூரம். எங்களிடம் வந்தபோது ஆசனவாயையே எடுத்து, நிரந்தரமாகப் பை வைக்க வேண்டிய நிலை. பையை மாற்ற அவர் மனைவிக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன். அந்த அம்மா கவனமாகப் பார்த்துக்கொண்டார். ஓட்டுநர் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

ரத்தம் போகிறது என்று வரும் ஒவ்வொருவருக்கும், வெளியே மூலம் கண்ணுக்குத் தெரிந்தாலும்கூட, விரல் பரிசோதனை செய்யுங்கள். கையுறையும் களிம்பும் ஒரு நிமிடமும் போதும். நோயாளி கூச்சப்படுவார். பெண்கள் என்றால் இன்னும் அதிகம். ஒரு செவிலியரைப் பக்கத்தில் நிறுத்தி, திரையை இழுத்துவிட்டு, ஏன் செய்கிறோம் என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள். மறுப்பவர்களை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன். உங்கள் சங்கக் கூட்டங்களில் தொப்புள் வழிப் பித்தப்பை வீடியோக்களுக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை, ஆசனவாய் வழி அறுவையைக் கற்பதற்கும் ஊர் மருத்துவர்களுக்கு இந்த விரல் பரிசோதனையை நினைவூட்டுவதற்கும் ஒதுக்கலாமே.

அதே வாசல் வழியாக மலக்குடலையே முழுதாகக் கீழிருந்து பிரித்தெடுக்கும் பெரிய அறுவையும் வந்திருக்கிறது. அதில் அவசரம் வேண்டாம். மலக்குடல் புற்றை அதைச் சுற்றியுள்ள கொழுப்பு உறை கிழியாமல் எடுக்க வேண்டும் என்று 1982-ல் இங்கிலாந்தின் பில் ஹீல்ட் எழுதிய பிறகுதான் நோய் அதே இடத்தில் திரும்ப வருவது குறைந்தது. கீழிருந்து செய்யும் புது முறையில் இடுப்புக்குள் புற்று திரும்ப வருவதை நார்வே நாட்டில் கவனித்து, 2018-ல் அதை நிறுத்தி வைத்தார்கள். அவர்களால் ஏன் கவனிக்க முடிந்தது? அறுவை செய்த ஒவ்வொருவரையும் பதிவேட்டில் எழுதி, பின்தொடர்ந்தார்கள். நாம் எழுதுகிறோமா? என் தங்கையின் குடலிறக்கம் எந்தக் கணக்கிலாவது ஏறியிருக்கிறதா? எட்டாம் நாள் தையல் பார்த்தபோது புண் நன்றாக இருந்தது. அந்த மருத்துவமனைக் கோப்பில் அவள் இன்றைக்கும் வெற்றிகரமான ஒரு துளை கேஸ்.

கணக்கு வைப்பதற்கு நார்வேக்குப் போக வேண்டியதில்லை. 1976-ல் 11 படுக்கைகளோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இதே மதுரையில்தான் இருக்கிறது. தையல் தேவைப்படாத சிறு கீறலில் கண்புரையை எடுக்கும் முறையை ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒன்றுபோலக் கொண்டுசேர்த்தார்கள். 1992 முதல் லென்ஸை இங்கேயே தயாரித்து விலையைக் குறைத்தார்கள். அதோடு, எந்த மருத்துவர் கையில் எத்தனை சிக்கல் வந்தது என்று எழுதி வைத்து, திருத்திக்கொண்டார்கள். கீறல் சிறிதானதால் மட்டும் அவர்களுக்கு அந்தப் பெயர் வந்துவிடவில்லை. வயிற்றுக்கும் அப்படி ஒரு பதிவேட்டை இந்த ஊரில் தொடங்க உங்களால் முடியும். ஒரு துளையில் செய்த ஒவ்வொருவரையும் ஓராண்டு முடிவில் அழைத்து, நிற்க வைத்து, இருமச் சொல்லித் தொப்புளைப் பாருங்கள். வர முடியாதவரைத் தொலைபேசியில் கேளுங்கள். அந்த எண்ணை மறைக்காமல் அடுத்த நோயாளியிடம் சொல்லுங்கள். என்னைப் போல ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் செவிலியர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறோம். அழைத்து விசாரிக்கும் வேலையை எங்களிடம் கொடுத்தால் சம்பளம் கேட்காமல் செய்வோம்.

வரும் தை மாதம் என் தங்கைக்கு வலை வைத்துக் குடலிறக்கத்தைத் தைக்கப் போகிறார்கள். இந்த முறை நானும் ஆரப்பாளையம் பஸ் நிலையத்திலிருந்து அவளோடு மருத்துவமனைக்குப் போகிறேன். மருத்துவரிடம் கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதற்கு வேறு வழி உண்டா? உங்கள் கையில் இதைச் செய்துகொண்டவர்களில் எத்தனை பேருக்குத் திரும்ப வந்தது? மூன்றாவது கேள்வியை அவளே சொல்ல, நான் எழுதினேன்: குடம் எப்போது தூக்கலாம்?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆபரேஷன் தியேட்டர் செவிலியர்,
மதுரை